பதினோராம் நோயாளியின் கையெழுத்து

ஷீபான் கிராமம்
2017 பிப்ரவரி 14

ரூய்லானுக்கு,

அண்ணி குயிச்சின் எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். அந்த வரியை எழுத எனக்குக் கை வரவில்லை. நீயாவது அங்கே ஜெங்ஜோவில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

விளக்குத் திருவிழா அன்று அரிசி உருண்டை செய்தேன். உன் அண்ணன் ஒன்றை வாயில் போட்டு மென்றார், மென்றுகொண்டே இருந்தார். பிறகு எழுந்து வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து, "உருண்டை கொஞ்சம் கெட்டிடி" என்று பழியை என் மேல் போட்டார். புத்தாண்டுக்கு முன்பிருந்தே இப்படித்தான். ரொட்டியைக் கஞ்சியில் ஊறவைத்து விழுங்குகிறார். குரலும் கம்மிவிட்டது. மாவட்ட மருத்துவமனையில் ஏற்கெனவே குழாய் விட்டுச் சதை எடுத்திருந்தார்கள். நேற்று முடிவு கேட்கப் போனோம். டாக்டர் என்னை மட்டும் நடைப்பக்கம் தள்ளிக்கொண்டு போய், "உணவுக்குழாயில புற்றும்மா. மூச்சுக்குழாயோட ஒட்டிக்கிட்டு இருக்கு, கத்தி வைக்க முடியாது. கதிர்வீச்சு குடுத்துப் பார்ப்போம்" என்றார்.

உள்ளே வந்து உன் அண்ணனிடம், "புண்ணாம். ஆறிடுமாம்" என்றேன். "அதுக்கா இவ்வளவு நேரம் பேசினீங்க?" என்று கேட்டுவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

உங்கள் அப்பாவைக் கொண்டுபோன அதே அடைப்பு. இந்தப் பள்ளத்தாக்கில் கோழிக்குக்கூடத் தொண்டையில் கட்டி வரும் என்று உனக்குத் தெரியும். பதினைந்து வருஷமாக நீ இந்த நோயோடுதானே மல்லுக்கட்டுகிறாய்? எலிகளுக்கு நீ போடும் ஊசி மனுஷனுக்கு வந்துவிட்டதா, இல்லையா? அதைச் சொல்.

அவருக்குத் தெரியக் கூடாது. தொலைபேசியில் கூப்பிடாதே. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து இந்த மனுஷன் என் பின்னாலேயே சுற்றுகிறார். பதிலை வீட்டுக்கும் அனுப்பாதே. சந்தையில் என் தங்கையின் துணிக்கடை முகவரிக்கு எழுது.

குளிர் விடவில்லை, காதை மூடிக்கொள்.

குயிச்சின்

*

ஷீபான்
பிப்ரவரி 20, மழைநீர்ப் பருவத்தின் மூன்றாம் நாள்

தங்கச்சி ரூய்லானுக்கு,

அண்ணன் பாவ்லின் நலம். உன் நலத்தைக் கேட்டால் "வேலை இருக்கிறது" என்று பதில் எழுதுவாய். அதற்கு நலம் என்று அர்த்தமா, இல்லை என்று அர்த்தமா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

என் குரல் ஓட்டை விழுந்த துருத்தி மாதிரி ஆகிவிட்டது. தொலைபேசியில் பேசினால் யாரோ திருடன் என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். முப்பத்திரண்டு வருஷம் ஊரார் கடிதங்களைச் சுமந்து இந்தத் தைஹாங் மலையில் ஏறி இறங்கினேன். எனக்கென்று ஒன்று வந்ததில்லை. இப்போதாவது எழுது.

எனக்குத் தொண்டைக்குக் கீழே ஒரு புண்ணாம். இதற்கு உன் அண்ணி செய்யும் ஆர்ப்பாட்டம் தாங்கவில்லை. நம் அம்மா சீதனமாகக் கொண்டுவந்த, கீரை புளிக்கவைக்கும் தாழியைத் தூக்கி வாய்க்கால் கரையில் போட்டு உடைத்துவிட்டாள். "அது என்னடி பாவம் பண்ணுச்சு?" என்றேன். "நாத்தம் அடிக்குது" என்கிறாள். இவள் இந்த வீட்டுக்கு வந்து நாற்பது வருஷமாக அடிக்காத நாற்றம்!

இன்னொரு கூத்து. மருத்துவமனையிலிருந்து என் பெயருக்குப் பதிவுத் தபால் வந்தது. என் இடத்துக்கு வந்திருக்கும் ஃபூ அதை இவளிடம் கொடுத்து, இவளிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் அவனை வழியில் மறித்துக்கொண்டேன்.

"பேரு என்னுது, கையெழுத்து அவளுதா? இதான் நீ பார்க்கற லட்சணமா?"

"அண்ணே, வீட்டுக்காரிதானே? வேத்தாளா?"

"வீட்டுக்காரியா இருந்தா? எவன் பேரு உறை மேல இருக்கோ அவன் கைதான் போடணும். நான் ஒரு கையெழுத்துக்காக மேல்பாறைக்கு ரெண்டு தடவை ஏறியிருக்கேன், தெரியுமா? அதுவும் பனியில!"

சிரிக்கிறான். காலம் அப்படி. அந்த உறையை உன் அண்ணி எங்கே வைத்தாளோ, நானும் கேட்கவில்லை.

சூடாகக் கஞ்சி குடிக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. ஆறிப்போன கஞ்சியும் ஒரு கஞ்சியா? நீ சூடாகக் குடி.

பாவ்லின்

*

ஜெங்ஜோ
மார்ச் 2

அண்ணிக்கு,

நான் நலம். உங்கள் கடிதம் கிடைத்த அன்று ஆய்வுக்கூடத்தில் எதையும் கையில் எடுக்கவில்லை. எடுத்தால் உடைத்திருப்பேன்.

முதலில் கதிர்வீச்சை முடியுங்கள். அது கட்டியைக் கரைத்தால் நல்லது. கரைக்காவிட்டால் ஒரு வழி இருக்கிறது. எங்கள் மருந்தை மே மாதம் முதல்முறையாக மனிதர்களுக்குக் கொடுக்கப் போகிறார்கள். பதினெட்டுப் பேர்தான். கத்தி வைக்க முடியாமல், கதிர்வீச்சும் பலிக்காமல் போனவர்களுக்கு மட்டும். அண்ணன் பெயரைப் பரிசீலனைக்கு அனுப்பியிருக்கிறேன். தேர்ந்தெடுப்பது வேறு ஆட்கள், எனக்கு அதில் வாக்கு இல்லை.

அண்ணி, உங்களை ஏமாற்ற மாட்டேன். எலிகளில் நன்றாக வேலை செய்தது. மனிதர்களில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது.

இத்துடன் ஒப்புதல் படிவம் இருக்கிறது. அதன் மூன்றாம் வரியைப் பாருங்கள். "எனக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் இருப்பதை அறிவேன்" என்று இருக்கும். அந்த வரியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். நோயாளியே படித்து நோயாளியே கையெழுத்துப் போட வேண்டும். போட்டவர்களுக்கு மட்டும்தான் ஊசி.

ஆகவே அண்ணனிடம் சொல்லிவிடுங்கள். உங்களால் முடியாவிட்டால் நான் வந்து சொல்கிறேன். தெரிந்துகொண்டு தாங்க முடியாத மனிதர் இல்லை அவர்.

உங்கள் உடம்பையும் கவனியுங்கள்.

ரூய்லான்

*

ஜெங்ஜோ
மார்ச் 2

அண்ணனுக்கு,

நலம். வேலை இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாக எழுதிவிட்டேன், இப்போது சரிதானே?

உங்கள் புண்ணைப் பற்றிப் படித்தேன். சீக்கிரம் ஆறாத வகைப் புண் போலிருக்கிறது. அங்கே கொடுக்கும் சிகிச்சையில் ஆறாவிட்டால் இங்கே வாருங்கள், புது மருந்து ஒன்று இருக்கிறது. தபால்காரருக்குச் சட்டென்று புரியும்படி சொல்கிறேன்.

நம் உடம்பில் உள்ள ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு தலைமை அலுவலகம். அதில் உட்கார்ந்திருக்கும் மரபணு இடத்தை விட்டு அசையாது. கடிதம் எழுதித்தான் வேலை வாங்கும். புண் ஆறாமல் தடிக்கிற இடத்தில் ஒரு மரபணு, "வளர், இன்னும் வளர்" என்று ஓயாமல் எழுதிக்கொண்டிருக்கிறது. அந்த மரபணுவை எங்களால் பிடுங்கி எறிய முடியாது. ஆனால் அது எழுதும் கடிதத்தை வழியில் மடக்கிக் கிழிக்கத் தெரியும். அந்தக் கடிதத்தின் எழுத்துகளோடு சரியாகப் பொருந்துகிற ஒரு துணுக்கை, கொழுப்புத் துளிக்குள் பொதிந்து, குழாய் வழியாகப் புண்ணிலேயே ஊசியாகப் போடுவோம். மரபணுவை மௌனமாக்குவது என்று எங்கள் கூட்டங்களில் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அது மௌனமாவதே இல்லை. எழுதிக்கொண்டேதான் இருக்கும். அதனால் மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு ஊசி. நடுவில் நிறுத்தினால் கடிதங்கள் மறுபடி போய்ச் சேர்ந்துவிடும்.

தாழி போனால் போகட்டும், புளிக்கவைத்த கீரை இந்தப் புண்ணுக்கு ஆகாது. அண்ணி சொல்வதைக் கேளுங்கள்.

ரூய்லான்

*

ஷீபான்
ஏப்ரல் 18

ரூய்லானுக்கு,

நான் நடமாடுகிறேன். உன் அண்ணன் இளைத்துவிட்டார். இருபத்தைந்து நாள் கதிர்வீச்சு முடிந்தது. "சூடு வெச்சா புண்ணு காயும்" என்று சொல்லி அழைத்துப் போனேன். கட்டி அசையவில்லை. இப்போது கஞ்சியையும் வடிகட்டிக் கொடுக்கிறேன். உன் ஊசிதான் இனி.

படிவத்தை அனுப்பியிருக்கிறேன். கையெழுத்து இருக்கிறது.

நீ சொல்லச் சொன்னாய். நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். உங்கள் அப்பா விஷயத்தில் நீ கல்லூரியில் இருந்தாய், நான் பக்கத்தில் இருந்தேன். அதுவரை மாமா கம்பு ஊன்றி வாய்க்கால் வரை நடந்துகொண்டிருந்த மனுஷன். எவனோ ஒரு டாக்டர் வந்து, "பெரியவரே, உங்களுக்கு அந்த அடைப்புதான்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனான். மாமா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். பத்தொன்பது நாள். ஒரு வார்த்தை பேசவில்லை, நான் வாயில் வைத்ததை விழுங்கவில்லை. கட்டி கொன்றது என்று நீ படித்திருப்பாய். அந்த வார்த்தை கொன்றது என்று நான் பார்த்தேன். என் வீட்டில் இன்னொரு தடவை அது நடக்காது.

நிலப் பத்திரம், மின்கட்டணம், மருத்துவ அட்டை, எல்லாவற்றிலும் இத்தனை வருஷமாக அவர் பெயரை நான்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். மலையில் அலைந்த மனுஷனுக்கு வீட்டுக் காகிதம் பார்க்க ஏது நேரம்? இதுவும் ஒரு காகிதம்.

எப்போது அழைத்து வரட்டும்?

குயிச்சின்

*

ஜெங்ஜோ
ஏப்ரல் 26

அண்ணிக்கு,

நலம். இங்கே நாலு நாளாக மழை.

படிவம் வந்தது. அண்ணன் தன் பெயரை எழுதினால் கடைசி எழுத்து வலப்பக்கம் சரிந்து இறங்கும். இதில் நேராக நிற்கிறது. நான் வேறொன்றும் கவனிக்கவில்லை.

கோப்பில் வைத்தாகிவிட்டது. அண்ணன் பதினோராம் நோயாளி. மே 8 காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு அழைத்து வாருங்கள்.

ரூய்லான்

*

ஷீபான்
ஜூலை 1

தங்கச்சிக்கு,

நலம், நலம், மூன்றாம் தடவையும் நலம்! இன்று காலை அரைக் கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டேன். வடிகட்டியது இல்லை, கையால் இழுத்த நூடுல்ஸ். உன் அண்ணி எதிரில் உட்கார்ந்து என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் திங்கறதை ஏண்டி திருடனைப் பார்க்கற மாதிரி பார்க்கற?" என்றேன். அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கட்டி மூன்றில் ஒரு பங்கு சுருங்கிவிட்டது என்று டாக்டர் படம் காட்டினார். புண்ணைத்தான் கட்டி என்கிறார், நான் திருத்தவில்லை.

உன் மருந்தைப் பற்றி யோசித்தேன். அடுத்தவன் கடிதத்தை வழிமறித்துக் கிழிப்பதுதானா உன் உத்தியோகம்? அதற்காகவா உன்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினோம்? வெள்ளம் வந்த வருஷம் பையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆற்றைக் கடந்தவன் நான். ஒரு கடிதம் தொலைந்ததில்லை. என் கூடப் பிறந்தவள் இப்படி! போகட்டும், அந்தப் பாழாய்ப்போன மரபணுவுக்கு மட்டும் என் மன்னிப்பு கிடையாது. நன்றாகக் கிழி.

அங்கே மருத்துவமனையில் அடுத்த கட்டிலில் ச்சின் என்று ஒருவன், பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரன். எந்நேரமும் மூக்கைச் சிந்திக்கொண்டு, "உனக்கென்ன பாவ்லின், வெறும் புண்ணு. எனக்கு வந்திருக்கறது அது" என்று புலம்புவான். அவனைச் சிரிக்கவைக்கவே எனக்குப் பாதிப் பொழுது போனது.

மூன்றாம் ஊசிக்கு வந்தபோது கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் குறிப்பேட்டோடு வந்து எங்கள் எல்லாரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் போனாள். உன் மானத்தைக் காப்பாற்றும்படி நான் நல்ல பதிலாகச் சொல்லிவிட்டேன்.

பத்தாம் தேதி நாலாவது ஊசி. வரும்போது இந்த வருஷத்து மிளகு கொஞ்சம் கொண்டுவருகிறேன்.

பாவ்லின்

*

ஜெங்ஜோ
ஜூலை 6

அண்ணிக்கு,

பத்தாம் தேதி வர வேண்டாம்.

எப்படி எழுதினாலும் இது ஒன்றுதான், அதனால் நேராக எழுதுகிறேன். நோயாளிகள் விஷயம் தெரிந்துதான் சேர்ந்திருக்கிறார்களா என்று பார்க்க வெளியிலிருந்து ஒரு சோதனைக் குழு வந்தது. அந்த அம்மாள் ஒவ்வொருவரிடமும் "உங்களுக்கு என்ன நோய்?" என்று கேட்டார். பதினேழு பேர் சரியாகச் சொன்னார்கள். அவர்கள் படிவங்களை யாரும் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. அண்ணன் புண் என்றார். உடனே அவருடைய படிவத்தை எடுத்தார்கள். மருத்துவமனையில் சேரும்போது அவரே போட்ட கையெழுத்தோடு ஒப்பிட்டார்கள்.

விலக்கிவிட்டார்கள் அண்ணி. இப்போது எல்லாம் சொல்லி மறுபடி கையெழுத்து வாங்கினால் என்ன என்று கேட்டேன். பொய்க் கையெழுத்தில் தொடங்கியதைத் தொடர முடியாது என்றார்கள். இந்த மருந்து வெளியில் எங்கும் கிடையாது. இருக்கிற குப்பிகள் எல்லாம் எண்ணிட்டுப் பூட்டியிருக்கின்றன. திருடலாமா என்றுகூட யோசித்தேன். சாவியை என்னிடமிருந்து வாங்கிவிட்டார்கள். என்னையும் அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பார்த்தும் பேசாமல் இருந்ததற்காக.

பதினெட்டுப் பேரில் அண்ணனுக்குத்தான் அதிகமாகச் சுருங்கியது. அவர் எண்ணையே நீக்குவதால் அதுவும் அறிக்கையில் வராது.

கேள்வி கேட்ட அம்மாள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நியாயமான கேள்வி. நானும் நீங்களும் ஏப்ரலிலேயே அவரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. எனக்கு உங்கள் மேல் கோபம். என் மேல் அதைவிட. அந்த நேரான கையெழுத்தைப் பார்த்த நிமிஷமே ரயில் ஏறி வந்திருந்தால் அண்ணனுக்குப் பத்தாம் தேதி நாலாவது ஊசி போட்டிருப்பார்கள்.

அவருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அதில் இருப்பதையே நீங்களும் சொல்லுங்கள். இனிமேல் உண்மையைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

ரூய்லான்

*

ஜெங்ஜோ
ஜூலை 6

அண்ணனுக்கு,

நலம். நல்ல செய்தி. மருந்து எதிர்பார்த்ததைவிட நன்றாகக் கேட்டிருப்பதால் உங்களுக்கு மூன்று ஊசியே போதும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அலைச்சல் மிச்சம். நூடுல்ஸ் சாப்பிடுங்கள், மெதுவாக. மிளகைத் தபாலில் அனுப்புங்கள்.

ரூய்லான்

*

ஷீபான்
நவம்பர் 9, குளிர்காலம் தொடங்கி மூன்றாம் நாள்

தங்கச்சிக்கு,

நாலு மாதமாக நான் எழுதவில்லை. நீயும் எழுதவில்லை. நீ ஏன் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். நான் ஏன் எழுதவில்லை என்று இப்போது சொல்கிறேன். உட்கார்ந்து எழுதத் தெம்பு இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

நீ அனுப்பிய நல்ல செய்தியை அன்றே நம்பவில்லை. நடுவில் நிறுத்தினால் கடிதங்கள் மறுபடி போய்ச் சேரும் என்று நீதானே எழுதினாய்? செப்டம்பரில் சேர்ந்துவிட்டன. நூடுல்ஸ் போனது, பிறகு கஞ்சி போனது. இப்போது தண்ணீரைக் கரண்டியில்.

போன வாரம் ச்சின் மலை தாண்டி என்னைப் பார்க்க வந்தான். ஆறு ஊசியும் முடிந்து, கன்னத்தில் சதை வைத்து, கையில் ஆப்பிளோடு வந்தான். கடித்தே சாப்பிடுகிறான். "நீ ஏம்ப்பா நாலாவதுக்கு வரலை?" என்றான். "எனக்கு மூணே போதுமாம்" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "அந்தக் கண்ணாடிக்காரி கேட்டப்ப நீ என்ன சொன்னே?" "புண்ணுன்னு சொன்னேன்." "அட பைத்தியக்காரா! தெரியாதவனை வெச்சுக்க மாட்டாங்கப்பா. அதுக்குத்தான் அவ வந்ததே. நோய் என்னன்னு தெரியும்னு எல்லாரும் கையெழுத்துப் போட்டோமே, மறந்துட்டியா?"

ரூய்லான், எனக்குத் தெரியும். பிப்ரவரியிலிருந்தே தெரியும். அந்த மருத்துவமனை உறையை நான் எத்தனை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்! அதை வாங்கிய வீடுகளில் அடுத்த வருஷம் யார் இருந்தார்கள், யார் இல்லை என்று எனக்குத் தெரியாதா? கதிர்வீச்சு அறை வாசலில் புற்றுநோய்ப் பிரிவு என்று பலகை இருக்கிறது. உன் அண்ணி தினமும் அதற்கு முன்னால் போய் நின்று மறைத்துக்கொள்வாள். குள்ளச்சி, எவ்வளவு மறைப்பாள்? மேல் வரி முழுக்க அவள் தலைக்கு மேலே தெரியும். நான் தரையைப் பார்த்துக்கொண்டே உள்ளே போவேன், இருபத்தைந்து நாளும். துணிக்கடைக்கு நீ அனுப்பிய கடிதங்களைப் பற்றியும் ஃபூ சொல்லிவிட்டான். உறையைக் காட்டினான், உன் கையெழுத்து. வாங்கவில்லை. பெயர் அவளுடையது.

அந்த அம்மாள் என்னிடம் கேட்டபோது உன் அண்ணி அவளுக்குப் பின்னால் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். புற்று, எனக்குத் தெரியும் என்று நான் சொல்லியிருந்தால், நாலு மாதம் அவள் ஒற்றை ஆளாகத் தூக்கிச் சுமந்தது அங்கேயே விழுந்து உடைந்திருக்கும். அதோடு, நீ உள்ளே இருந்துகொண்டு எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தாய் என்று நினைத்தேன். நான் ஏதாவது உளறினால் உன் வேலைக்கு ஆபத்து வருமோ என்று வேறு பயம். உங்கள் இரண்டு பேரையும் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, நல்லா ஓங்கி, "புண்ணுங்கம்மா" என்றேன். அந்தக் கம்மின குரலில் அவ்வளவு சத்தமாக நான் வேறு எதுவும் சொன்னதில்லை.

ச்சின் சொன்ன அந்தக் கையெழுத்தை நான் போடவில்லை, உன் அண்ணிதான் போட்டிருப்பாள். ஒரு தாள், ஒரு பேனா. அதை என் முன்னால் வைத்திருந்தால் போட்டுவிட்டு, "கஞ்சி எங்கே?" என்று கேட்டிருப்பேன். அப்பா மாதிரி சுவரைப் பார்த்துப் படுப்பவன் என்று என்னை நீங்கள் எப்படி முடிவு செய்தீர்கள்? ஒரு தரம் கேட்டிருக்கலாம். நானும் ஒரு தரம் வாயைத் திறந்திருக்கலாம். எனக்குக் கசக்கிறது, ரூய்லான். தண்ணீர்கூடக் கசக்கிறது. மறைத்து என்ன?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எனக்குத் தெரியும் என்பது உன் அண்ணிக்குத் தெரியக் கூடாது. எனக்குத் தெரிந்திருந்தது என்றால், அவள் போட்ட கையெழுத்துக்கே அவசியம் இல்லை என்று ஆகிவிடும். அந்தக் கணக்கை அவள் மீதி ஆயுள் முழுக்கப் போட்டுக்கொண்டிருப்பாள். இந்தக் கடிதம் அவள் கண்ணில் படக் கூடாது.

இதை நானே போய்ப் பெட்டியில் போடுவேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

பாவ்லின்

*

ஷீபான்
டிசம்பர் 29

ரூய்லானுக்கு,

அடக்கத்துக்கு வந்தவள் இரண்டு நாளில் திரும்பிவிட்டாய். நாம் பேசிக்கொள்ளவே இல்லை. நீ என் முகத்தைப் பார்க்கவில்லை என்பதைக் கவனித்தேன். கோபம் இருக்கும், இருக்கட்டும். ஊசி நின்றதற்கு நான்தான் காரணம். அதை நான் மறுக்கவில்லை. இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கிண்ணம் இரண்டு எடுத்து வைத்துவிட்டுப் பிறகு ஒன்றை உள்ளே வைக்கிறேன்.

ஆனால் ஒன்று. கடைசி வரைக்கும் அவர் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. போகிற அன்று காலையில்கூட, "வசந்தம் வரட்டும், இந்தப் புண்ணு ஆறினதும் மேல்பாறைக்குப் போய்ட்டு வரணும்" என்றார். தெரியாமலே போனார். மாமா மாதிரி பத்தொன்பது நாள் நரகத்தில் கிடக்கவில்லை. நீயும் நானும் செய்ததில் அது ஒன்றாவது உருப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டுதான் காலையில் எழுந்திருக்கிறேன்.

பிப்ரவரியில் நாற்பத்தொன்பதாம் நாள் வருகிறது. மற்ற வீடுகளில் காகிதப் பணம் எரிப்பார்கள், காகித வீடு எரிப்பார்கள். இவர் கடிதம் சுமந்த மனுஷன். இந்த வருஷம் அவர் உனக்கு எழுதிய கடிதங்களை அனுப்பு. நான் ஒரு தரம் படித்துவிட்டு, கல்லறையில் எரித்து அவரிடமே சேர்த்துவிடுகிறேன். மூன்று எழுதினார் என்று எனக்குத் தெரியும். பிப்ரவரியில் ஒன்று, ஜூலையில் ஒன்று. நவம்பரில் ஒன்று எழுதி, நிற்க முடியாத மனுஷன், சுவரைப் பிடித்துக்கொண்டு தானே போய்த் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். நான் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றதற்கு விடவில்லை. அதில் என்னதான் எழுதியிருந்தார்?

குயிச்சின்

*

ஜெங்ஜோ
2018 ஜனவரி 10

அண்ணிக்கு,

நலம். என்னைக் கண்ணாடிக் குடுவைகள் கழுவி அடுக்கும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். கைக்கு வேலை இருக்கிறது, தலைக்கு இல்லை, நல்லதுதான். அடக்கத்தின்போது உங்கள் முகத்தைப் பார்க்காதது கோபத்தால் இல்லை. வேறு எதையும் இப்போது எழுத என்னால் முடியாது.

நீங்கள் சொல்வது சரி. அண்ணனுக்குத் தெரியாது. கடைசி வரை புண் என்றே நம்பினார்.

இரண்டு கடிதங்களை இத்துடன் வைத்திருக்கிறேன், பிப்ரவரியில் எழுதியதும் ஜூலையில் எழுதியதும். படித்துவிட்டு எரியுங்கள். ஜூலைக் கடிதத்தில் நீங்கள் அடுப்பங்கரைக்குப் போய்த் திரும்பிவரக் கொஞ்ச நேரம் பிடித்ததாக எழுதியிருக்கிறார்.

நவம்பரில் அவர் போட்ட கடிதம் எனக்கு வந்து சேரவில்லை அண்ணி. தபாலில் எங்கோ தொலைந்துவிட்டது.

வேளைக்குச் சாப்பிடுங்கள். குளிர் அதிகம், காதை மூடிக்கொள்ளுங்கள்.

ரூய்லான்